பரம்பரைக் கொழுப்பு!

'உடம்பு பூரா கொழுப்புய்யா உனக்கு!'

தமிழில் இது வசவு. எதிர்த்துப் பேசும் தம்பி, வண்டியில் இடித்துவிட்டு முறைக்கிற ஆசாமி, வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே இன்க்ரிமென்ட் கேட்கும் ஜூனியர்... எல்லாருக்கும் கொழுப்பு என்று நாம் சட்டென்று தீர்ப்பு சொல்லிவிடுவோம். ரத்தம் எடுத்துப் பார்க்காமலேயே!

நிஜமாகவே ரத்தம் எடுத்துப் பார்த்தால் கதையே வேறு. யாருக்கு ஏகக் கொழுப்பு, யாருக்கு இல்லை என்று நாம் போடுகிற கணக்கெல்லாம் டெபாசிட் இழந்துவிடும். போன வருஷம் என் கண்ணெதிரிலேயே இழந்தது.

காலை எட்டு மணி வாக்கில் தாம்பரத்தில் புறப்படும் பீச் லோக்கலில் எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருத்தர் ஒல்லி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வெயில் அவரைத் தாண்டி என் மேல் விழும். நாங்கள் வைத்திருக்கும் பேர் ஓமக்குச்சி. சுத்த சைவம். சேலையூரிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே வருவார். டிபன் பாக்ஸைத் திறந்தால் கீரை, இல்லாவிட்டால் கஞ்சி. வடையை எட்டியிருந்து பார்ப்பதோடு சரி. இன்னொருத்தர் முடிச்சூர் ரோடு ஆசாமி. அவர் உட்கார்ந்தால் நாலு பேர் ஸீட்டில் மூன்றாவது ஆள் பாதியாகிவிடுவார். பேர் கடோத்கஜன். சனிக்கிழமை ராத்திரி கேம்ப் ரோடில் கொத்து பரோட்டாவும் ஈரல் வறுவலும். ஞாயிறு காலை ஆட்டுக்கால் பாயா. திங்கட்கிழமை ரயிலில் அதைப் பற்றிய விரிவான செய்தி அறிக்கை.

ஏதோ ஒரு லேப் சலுகை விலையில் முழு உடம்பு செக்கப் போட, இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து குரோம்பேட்டை தாண்டும்போது இரண்டு பேர் மொபைலிலும் ரிப்போர்ட் வந்து விழுந்தது.

கடோத்கஜன்: மொத்தக் கொலஸ்ட்ரால் 178. எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 104.

ஓமக்குச்சி: மொத்தம் 301. எல்.டி.எல். 228!

"யோவ், பேரை மாத்திப் போட்டுட்டான்யா!" என்று கடோத்கஜனே பதறிப்போய்ச் சொன்னார். மாற்றவில்லை. மறுபடி டெஸ்ட் எடுத்தும் அதேதான்.

"என்ன ஸார் அநியாயம் இது? தின்றது அவர், கொழுப்பு எனக்கா?" என்று ஓமக்குச்சி என்னைப் பார்த்துக் கேட்டார். என்னவோ நான்தான் சாங்ஷன் பண்ணின மாதிரி. வெறும் பி.காம். படித்தவன் நான். ஆனாலும் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. தோண்டிப் பார்த்ததில் தெரிந்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

★ ★ ★

பி.காம். பாஷையிலேயே ஆரம்பிக்கலாம். கொலஸ்ட்ரால் கணக்கில் வரவு எங்கிருந்து? 'வாயிலிருந்து' என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். தப்பு. பெரிய வரவு உள்நாட்டு உற்பத்தி. நம் உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும் பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தயாரிக்காவிட்டால் செத்துப்போவோம். ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் அது வேண்டும். ஆம்பளையை ஆம்பளையாகவும் பொம்பளையைப் பொம்பளையாகவும் வைத்திருக்கிற ஹார்மோன்களும் அதிலிருந்துதான் வருகின்றன. அதனால் அதைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வரவு, குடல் வழியாக. இங்கே ஒரு வேடிக்கை. சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் குடலுக்குள் வருகிறது. சைவம் என்றால் இன்னும் கம்மி. ஆனால் நம் கல்லீரலே பித்தநீரோடு சேர்த்து சுமார் 1,000 மில்லிகிராமைக் குடலுக்குள் கொட்டுகிறது. இந்த மொத்தச் சரக்கில் ஏறக்குறைய பாதியைக் குடல் திரும்பவும் உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடுகிறது. ஆக, கீரையும் கஞ்சியும் மட்டுமே சாப்பிடும் ஓமக்குச்சியின் குடலிலும் கொலஸ்ட்ரால் உண்டு. அவருடைய சொந்தச் சரக்கு!

'ஏறக்குறைய பாதி' என்றேன் இல்லையா, சூட்சுமம் அங்கேதான். அது சராசரி. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களை அளந்து பார்த்ததில் ஒருத்தர் 29 சதவிகிதம் உறிஞ்சுகிறார். இன்னொருத்தர் 80 சதவிகிதம். ஒரே முட்டை, ஒரே தட்டு, ஒரே மெஸ். ஒருத்தர் கணக்கில் வரவு மற்றவரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

ஏன் இந்த வித்தியாசம்? தாம்பரம் ஸ்டேஷனைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். குடலின் உட்சுவரில் ஒரு நுழைவு கேட் இருக்கிறது. கொலஸ்ட்ரால் அது வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அந்த கேட்டின் பேர் என்பிசி1எல்1. (பேர் என்னவோ பஸ் ரூட் நம்பர் மாதிரிதான் இருக்கிறது. என்ன செய்ய, விஞ்ஞானிகள் வைத்தது!) உள்ளே வந்ததும் இரண்டு டிக்கெட் பரிசோதகர்கள் நிற்கிறார்கள். ஏபிசிஜி5, ஏபிசிஜி8. இவர்கள் வேலை, வேண்டாத பயணிகளைக் கழுத்தைப் பிடித்துத் திரும்பவும் வெளியே தள்ளுவது. இருவரும் ஜோடியாகத்தான் டியூட்டி பார்ப்பார்கள். ஒருத்தர் லீவு போட்டால் மற்றவரும் சும்மா நிற்பார். நம் ஆபீஸில் இல்லையா, அது மாதிரி.

கேட் எவ்வளவு அகலம், பரிசோதகர்கள் எவ்வளவு கறார் என்பதை அப்பா அம்மாவிடமிருந்து வந்த மரபணுக்கள் எழுதிவைத்திருக்கின்றன. எழுத்துப் பிழை ஒன்றிரண்டு மாறினால் போதும். கேட் குறுகும், அல்லது பரிசோதகர் தூங்கிவிடுவார்.

★ ★ ★

இதற்கு உலகப் புகழ் பெற்ற சாட்சி ஒரு தாத்தா. அமெரிக்கக்காரர். வயது 88. தினமும் சாப்பிட்டது 25 முட்டை! வாரத்துக்கு இல்லை ஸார், தினமும். அவர் இருந்த முதியோர் குடியிருப்புக்குத் தினமும் இரண்டு டஜன் முட்டை வந்து இறங்கியிருக்கிறது. அரைவேக்காடாக அவித்து நாள் பூரா சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்தத் திருவிழா. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 200-ஐத் தாண்டவில்லை!

கொலராடோவைச் சேர்ந்த டாக்டர் ஃப்ரெட் கெர்ன் அவரைப் பரிசோதித்து, 1991-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். தாத்தாவின் குடல் கொலஸ்ட்ராலில் 18 சதவிகிதத்தை மட்டுமே உள்ளே விட்டது. 25 முட்டையில் சுமார் 5,000 மில்லிகிராம் உண்டு என்றால் உள்ளே போனது 900 சொச்சம். வந்ததையும் அவர் கல்லீரல் மளமளவென்று பித்த அமிலமாக மாற்றி வெளியே அனுப்பிவிட்டது. கேட்டும் குறுகல், காலி பண்ணுகிற வேலையும் துரிதம்.

இதைக் கடோத்கஜனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே டபுள் ஆம்லெட்.

குடல் கேட்டைப் பாதியாக மூடுவதற்கு ஒரு மாத்திரையே இருக்கிறது. எஸெடிமைப். அமெரிக்காவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. உறிஞ்சுவதை ஏறக்குறைய பாதியாக்குகிறது. இதில் தமாஷ் என்னவென்றால், மாத்திரை விற்பனைக்கு வந்தபோது அது எந்த கேட்டை மூடுகிறது என்று அதைக் கண்டுபிடித்தவர்களுக்கே தெரியாது. என்பிசி1எல்1 கேட் பிடிபட்டது 2004-ல்தான். முதலில் பூட்டு, அப்புறம்தான் கதவு!

பிறவியிலேயே இந்த கேட் பாதி மூடியிருந்தால் என்ன ஆகும்? ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுவைப் படித்துப் பார்த்த ஒரு குழு 2014-ல் பதில் சொன்னது. சுமார் 650 பேரில் ஒருத்தருக்கு அப்படிப்பட்ட அதிர்ஷ்டப் பிழை இருந்தது. அவர்களுக்கு எல்.டி.எல். 12 புள்ளிதான் குறைவு. ஆனால் மாரடைப்பு வகையறா ஆபத்து 53 சதவிகிதம் குறைவு! சின்னக் குறைவுக்கு இவ்வளவு பெரிய லாபமா என்றால், இது பிறந்த நாள் முதல் கிடைக்கும் தள்ளுபடி. கூட்டு வட்டி மாதிரி ஐம்பது அறுபது வருஷம் சேருகிறது.

அந்தக் குழுவை நடத்தியவர் பேர் சேகர் கதிரேசன். அமெரிக்காவில் இதய டாக்டர். பேரைப் படித்ததும் ரயிலில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன். மனசைப் பிசைகிற விஷயம் ஒன்று இருக்கிறது.

★ ★ ★

அதற்கு முன் சைவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலை எண்ணெய் டப்பாவில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கொலஸ்ட்ரால் என்பது பிராணிகள் சமாசாரம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது எண்ணெயைக் கெடுக்கிற அளவுக்குக் கிடையாது. 'எலும்பில்லாத இட்லி' என்று போர்டு வைத்து ஐந்து ரூபாய் கூட வாங்குகிற மாதிரி இது.

செடி கொடிகள் கொலஸ்ட்ராலுக்குப் பதிலாக அதன் ஒன்றுவிட்ட சகோதரனை வைத்திருக்கின்றன: ஸ்டெரால். டிக்கெட் இல்லாப் பயணி. நமது இரண்டு பரிசோதகர்களும் பார்த்த மாத்திரத்தில் வெளியே தள்ளிவிடுவார்கள். நூற்றுக்கு ஐந்து கூட உள்ளே தங்காது. ஆனால் அந்தப் பரிசோதகர் மரபணு அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பழுதாகியிருந்தால்? நல்லெண்ணெயும் கடலையும்கூட ரத்தத்தில் ஏறிவிடும். இப்படி இரண்டு சகோதரிகளுக்கு இருப்பதை பட்டாச்சார்யா, கானர் என்ற இரண்டு பேர் 1974-ல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டுசொன்னார்கள். பழுதான மரபணுக்கள் எவை என்பது 2000 வாக்கில் தெரிந்தது. ரொம்ப அபூர்வம்தான். ஆனால் 'நான் சுத்த சைவம், எனக்கு வராது' என்பது மருத்துவ சர்டிஃபிகேட் இல்லை என்பதற்கு இது போதும்.

★ ★ ★

ஓமக்குச்சியைக் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். 'என்ன சாப்பிடுவீங்க?' என்று கேட்கவே இல்லை. கேட்டது ஒரே கேள்விதான்:

"அப்பா எந்த வயசுல தவறினார்?"

"நாப்பத்தேழு."

"எப்படி?"

"ஆபீஸ்ல... நெஞ்சு வலின்னு உட்கார்ந்தாராம்."

"அவரோட அப்பா?"

"நாப்பத்தெட்டு. சித்தப்பா அம்பது."

நாங்கள் இரண்டு பேரும் வாயடைத்து நின்றோம். ஆறு வருஷமாக ஒரே பெட்டியில் வருகிறோம், ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் குடும்பத்தில் இதற்கு ஏகப்பட்ட காரணம் சொல்லிவைத்திருந்தார்களாம். குலதெய்வத்துக்குப் படையல் பாக்கி என்றார்கள். வாசல் தெற்கு பார்த்திருக்கிறது என்று சொல்லி வாசலை மாற்றினார்கள். வாசல் கிழக்கே திரும்பிய அடுத்த வருஷம் சித்தப்பா போனார்.

"அப்பா கை முட்டியில, குதிகாலுக்கு மேல கட்டி மாதிரி எதாவது?" என்று கேட்டார் டாக்டர்.

"இருந்தது ஸார். உழைச்ச கைன்னு பாட்டி பெருமையா சொல்லுவாங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். அந்தக் கட்டி உழைப்பு இல்லை. தசைநாரில் படிந்த கொலஸ்ட்ரால்.

இந்த வியாதிக்கு விஷயம் தெரிந்தவர்கள் வைத்த பேர் நீளம். நான் பரம்பரைக் கொழுப்பு என்கிறேன். நார்வேயைச் சேர்ந்த கார்ல் முல்லர் 1938-லேயே எழுதிவிட்டார்: சில குடும்பங்களில் உயர்ந்த கொலஸ்ட்ராலும் கட்டியும் இளவயது மாரடைப்பும் சேர்ந்தே வருகின்றன என்று. ஏன் என்று கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் டாலஸ் நகரத்து ஜோடி: மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன். 1985-ல் நோபல் பரிசு.

அவர்கள் சொன்னது இது: ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்களின் மேல் கொக்கிகள் இருக்கின்றன. அந்தக் கொக்கிக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று பழுது என்றால் பாதி கொக்கிதான் வேலை செய்யும். தெருவில் பாதி குப்பை வண்டி வராவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ரத்தத்திலும். நீங்கள் வீட்டில் எவ்வளவு சிக்கனமாகக் குப்பை போட்டாலும் தெரு நாறும். ஓமக்குச்சியின் கீரையும் கஞ்சியும் தோற்றது இங்கேதான்.

இது அபூர்வம் என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். உலகக் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேருக்கு ஒருத்தர். உங்கள் ரயிலில் 3,000 பேர் தொங்கிக்கொண்டு வந்தால் அதில் பத்துப் பேர். பெரும்பாலான பத்துக்குத் தெரியாது. வைத்தியம் இல்லாவிட்டால், இது இருக்கும் ஆண்களில் இரண்டில் ஒருத்தருக்கு 50 வயதுக்குள் இதயக் கோளாறு வந்துவிடுகிறது. பொதுவாகவே நம் பக்கத்து ஆட்களுக்கு மாரடைப்பு அவசரம் ஜாஸ்தி. 2004-ல் வந்த 'இன்டர்ஹார்ட்' என்ற 52 நாட்டு ஆய்வில், மற்றவர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது ஏறக்குறைய 59, தெற்காசியர்களுக்கு 53.

டாக்டர் அடுத்து இன்னொன்று கேட்டார்: "ஒய்ஃப் சொந்தமா?"

"அத்தை பொண்ணு ஸார்."

"அவங்களையும் குழந்தையையும் நாளைக்கே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

அப்போதுதான் ஓமக்குச்சியின் முகம் மாறியது. தன் நம்பர் 228 என்றபோதுகூட அப்படி மாறவில்லை.

கணக்கு எளிது. அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவர். அப்பாவிடம் இருந்த பழுது அவரிடமும் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அத்தை பெண்ணிடம் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. கணவன், மனைவி இருவருமே பழுதைச் சுமந்தால், நாலு குழந்தையில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் பழுதாகலாம். அந்தக் குழந்தைக்குக் கொக்கியே இராது. கொலஸ்ட்ரால் 500-ஐத் தாண்டும். மாரடைப்பு பள்ளிக்கூட வயதிலேயே வரலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கமுள்ள லெபனானில், கசாதுரியன் என்ற டாக்டர் 1964-ல் இந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டினார்: குடும்பத்தில் பழுதே இல்லாதவர்கள், ஒரு மடங்குக்காரர்கள், இரு மடங்குக்காரர்கள் என்று கொலஸ்ட்ரால் மூன்று படியாகப் பிரிந்து நின்றது.

நம்ம ஊர் நிலவரம்? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவிகிதம் பெண்கள் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். சொந்தம் இல்லாவிட்டாலும் தலைமுறை தலைமுறையாகச் சொந்த சாதிக்குள்ளேயே கட்டுகிறோம். இதுவும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. ஹைதராபாத் ஸி.ஸி.எம்.பி. ஆராய்ச்சிக் கூடத்தின் குமாரசாமி தங்கராஜும் மற்றவர்களும் 2017-ல் இதைத்தான் எச்சரித்தார்கள்: தெற்காசியாவின் பல சமூகங்களில், ஆதியில் இருந்த சில மூதாதைகளின் பழுதே திரும்பத் திரும்ப வந்து ஜோடி சேர்கிறது. மாமன் சொத்து வெளியே போகக் கூடாது என்று கட்டிவைக்கிறோம். மாமனின் கடனும் வெளியே போவதில்லை.

★ ★ ★

கதிரேசனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சரித்திரத்தில் பி.ஏ. படித்துவிட்டு, அப்புறம் ஹார்வர்டில் டாக்டருக்குப் படித்தவர். அவருடைய குடும்பமும் ஓமக்குச்சி குடும்பம் மாதிரிதான். பாட்டி, பெரியவர் ஒருத்தர் என்று மாரடைப்பில் போனவர்கள். அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு. மரபணுவையும் மாரடைப்பையும் பற்றி ஆராய்வதையே தொழிலாக வைத்திருந்தவர் கதிரேசன். 2012 செப்டம்பரில் அவருடைய அண்ணன் ஓட்டப் பயிற்சி முடித்து வீடு திரும்பியதும் தலை சுற்றுகிறது என்றார். மாரடைப்பு. சில நாட்களில் இறந்துபோனார். வயது 42.

தம்பி உலகத்துக்கே மாரடைப்பு மரபணு நிபுணர். அண்ணனைக் காப்பாற்ற முடியவில்லை. இதைவிடக் கொடுமையான வரி ஒரு கதையில் வந்தால், 'மிகை' என்று அடித்துவிடுவோம்.

அவர் சும்மா இருக்கவில்லை. இங்கே இன்னொரு மரபணுவை அறிமுகப்படுத்த வேண்டும்: பிசிஎஸ்கே9. நடுவில் சி.எஸ்.கே. இருக்கிறதே என்று விசில் அடித்துவிடாதீர்கள், ஆசாமி வில்லன். கல்லீரலின் கொக்கிகளைக் கழற்றி உடைத்துப் போடுவதுதான் இவன் வேலை. இவன் ரொம்பத் துடியாக இருக்கும் குடும்பங்களைப் பிரான்ஸில் 2003-ல் கண்டுபிடித்தார்கள். அப்படியென்றால் இவன் செயலிழந்தவர்களும் எங்கேயாவது இருக்க வேண்டுமே என்று டாலஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் தேடினார்கள். கிடைத்தார்கள். கறுப்பின மக்களில் 100-க்கு இரண்டு மூன்று பேரிடம் இந்த மரபணுவின் ஒரு பிரதி செத்துக் கிடந்தது. அவர்களுக்கு எல்.டி.எல். 28 சதவிகிதம் குறைவு. இதயநோய் 88 சதவிகிதம் குறைவு. 2006-ல் வந்த முடிவு. இரண்டு பிரதியுமே செயலிழந்த ஒரு பெண்மணியின் எல்.டி.எல். எவ்வளவு தெரியுமா? 14! கல்லு மாதிரி ஆரோக்கியம்.

சிலருக்குப் பிறவியில் கிடைத்த இந்தப் பரிசை மற்றவர்களுக்கும் கொடுத்தால் என்ன? 2018-ல் கதிரேசன் சிலரோடு சேர்ந்து 'வெர்வ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கல்லீரல் செல்லுக்குள் போய் பிசிஎஸ்கே9 மரபணுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிவிடும் மருந்து. 2022-ல் நியூஸிலாந்தில் முதல் மனிதருக்குச் செலுத்தினார்கள். முதல் மருந்தில் சிக்கல் வந்து 2024-ல் நிறுத்தினார்கள். அடுத்ததைக் கொண்டுவந்தார்கள். 2025-ல் வந்த ஆரம்ப முடிவில், அதிக அளவு பெற்ற சிலருக்கு எல்.டி.எல். சராசரியாகப் பாதிக்கு மேல் இறங்கியது. ஒரே ஒரு தடவை போட்டது! இன்னும் சோதனைக் கட்டம்தான். மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்காதீர்கள்.

★ ★ ★

கேட்க வேண்டியது வேறு. ஸ்டாடின் மாத்திரை. அகிரா எண்டோ என்ற ஜப்பானியர் இரண்டு வருஷம் 6,000 பூஞ்சைகளை வடிகட்டி, 1973-ல் அரிசியில் வளர்ந்த ஒரு நீலப் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தார். கல்லீரலின் சொந்த உற்பத்தியைக் குறைக்கிற மருந்து. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் பதறிப்போய்க் கூடுதல் கொக்கிகளை வெளியே நீட்டுகிறது. ஒரு பிரதியாவது நல்லதாக இருந்தால் இது வேலை செய்யும். அதோடு எஸெடிமைப் சேர்ந்தால் உற்பத்தியும் இறக்குமதியும் ஒரே சமயத்தில் கட்டுப்படும். (டாக்டர் எழுதிக் கொடுத்து! பக்கத்து ஸீட்காரர் சிபாரிசில் அல்ல.)

இந்தியாவின் இதய டாக்டர்கள் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிமுறையில் சொல்கிறது: முதல் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டை 18 வயதிலேயே எடுங்கள். குடும்பத்தில் சரித்திரம் இருந்தால் இன்னும் முன்னாலேயே. ஓட்டு போடுகிற வயது, லைசென்ஸ் எடுக்கிற வயது, ரத்தம் கொடுக்கிற வயது. எல்.டி.எல். 190-க்கு மேல் என்றால் 'நேத்து சாப்பிட்ட பிரியாணி' என்று சமாளிக்காதீர்கள். டாக்டரிடம் தாத்தாவைப் பற்றிப் பேசுங்கள்.

கடோத்கஜன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நமக்கு ஜீன் கிளியர். பாயா தொடரலாம்" என்றார். ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தை அவர் திருப்பவே இல்லை. நான் திருப்பினேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.9. முகம் சுருங்கிவிட்டது. ஒரு பேப்பரில் பாஸ் ஆனதற்காக யாரும் டிகிரி கொடுப்பதில்லை. அவர் இப்போது முடிச்சூரிலிருந்து பாதி தூரம் நடக்கிறார். மீதிப் பாதி ஷேர் ஆட்டோ.

★ ★ ★

ஓமக்குச்சி வீட்டு ரிப்போர்ட் வந்தது. மனைவிக்கு எல்.டி.எல். 112. பழுது இல்லை. அதாவது மகளுக்கு இரண்டு பிரதியும் பழுதாக வழியில்லை. பெருமூச்சு விட்டோம். ஒன்பது வயது மகளுக்கு 176. ஒரு பிரதி, அப்பாவுடையது.

அன்று ரயிலில் அவர் ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லாவரம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்:

"நான் ஏன் எதுவும் திங்கறதில்லைன்னு கேலி பண்ணுவீங்களே ஸார்... அப்பா போன வயசைத் தாண்டணும்னுதான். இன்னும் ஒன்பது வருஷம்னு தினம் எண்ணிக்கிட்டிருப்பேன். ஒல்லியா இருந்தா தாண்டிடலாம்னு நெனச்சேன்."

கடோத்கஜன் ஒன்றும் பேசாமல் தன் பருத்த கையை அவர் தோளில் போட்டார்.

குழந்தைக்கு மாத்திரை எப்போது ஆரம்பிப்பது என்று டாக்டர் பார்த்துச் சொல்லப் போகிறார். இந்த வயதிலேயே ஆரம்பிக்கலாமாம். அந்த வம்சத்தில் தன் நம்பரை மாரடைப்புக்கு முன்னாலேயே தெரிந்துகொண்ட இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் அவள் அப்பா.

அப்பாவின் நம்பர் மாத்திரைகளுக்குப் பிறகு மூன்று மாதத்தில் 228-லிருந்து 96. போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு மெதுவடையை வாங்கி, பாதியைக் கடோத்கஜனுக்குக் கொடுக்காமல் முழுசாக அவரே சாப்பிட்டார். நாங்கள் கைதட்டினோம்.

ரயிலில் ஏறியதும் என் பக்கம் திரும்பினார். "நீங்க பி.காம்.தானே ஸார்? இப்போலேர்ந்து மாசம் ரெண்டாயிரம் கட்டினா, அறுபது வயசுல எவ்வளவு பென்ஷன் வரும்?"

ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவர் என்னிடம் கேட்ட கணக்கு அது. கால்குலேட்டரைத் திறந்தேன்.